வெளிப்பக்க முடிச்சு

என் கணவரும் கொழுந்தனும் மலையேறப் போய்ப் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். கொழுந்தன் மட்டும் இறங்கி வந்தான். ராத்திரி இருவரும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கூடாரத்தில் படுத்தார்களாம். விடிந்து பார்த்தால் அண்ணனுக்கு உயிர் இல்லையாம். அதற்குள் இவன் கைவிரல்களும் மரத்துக் கறுத்துவிட்டனவாம். ஆஸ்பத்திரியில் பத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவன் வேலைக்குக் கிளம்பும்போது ஷூ லேஸை நான்தான் கட்டிவிடுகிறேன், எல்லாரையும் போல முன்பக்கம். சாயந்திரம் திரும்பும்போது அது கணுக்காலைச் சுற்றி வெளிப்பக்கமாக முடிச்சுப் போட்டிருக்கிறது. என் கணவர் அப்படித்தான் கட்டுவார். இல்லாவிட்டால் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்ளில் லேஸ் சிக்கி ஆளையே கவிழ்த்துவிடும் என்பார்.

“ஆபீஸ்ல யாரு கட்டிவிட்டாங்க?”

“காலைல நீங்கதானே கட்டினீங்க, அண்ணி.”

ஆஸ்பத்திரியில் கொடுத்த மூட்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். அவன் இறங்கி வந்த பூட்ஸ் அதில் இருந்தது. வீங்கிய காலிலிருந்து கழற்றுவதற்காகப் பின்பக்கம் கிழித்திருந்தார்கள். லேஸை யாரும் தொடவில்லை. இரண்டிலும் வெளிப்பக்க முடிச்சு. மரத்த விரலால் அவன் கட்டியிருக்க முடியாது. பிறகு யார் கட்டியது?

மறுநாள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து கால்களை நீட்டினான். நான் பார்க்காதவள் போலத் தம்ளரைக் கழுவிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு சட்டென்று கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

“இப்ப வேண்டாம்ணா,” என்றான் தரையைப் பார்த்து. “அண்ணி பாத்துட்டு இருக்காங்க.”