இரண்டு தட்டு

“அப்போ திங்கக்கெழம வண்டி ஓடிடும்ங்குறீங்க.”

“ஓடாம? அந்தோணியாருக்கு மெழுவத்தி ஏத்திட்டுல்ல வந்திருக்கேன்.”

“மெழுவத்திக்கு ஓடுறதா இருந்தா போன மாசமே ஓடியிருக்கும்ண்ணே.”

மரியமுத்து சிரித்தார். பஞ்சுப் பேல் தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் முன்பக்கம் சாக்கு விரித்து மல்லாந்து கிடந்ததால் சிரிப்பு வயிற்றோடு நின்றுவிட்டது.

அவருக்கு மேலே, இடுப்பு உயரத்தில், இரண்டு இரும்புக் கைகளும் அவற்றைத் தாங்கும் சட்டமும் நின்றன. மெட்ராஸ் துறைமுகத்தில் ஏலம் எடுத்த வண்டி. கீழேயிருந்து பார்க்கும்போது, யாரிடமோ எதையோ வாங்கிக்கொள்ள நீட்டிய கைகள் போலிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை. மில்லின் பஞ்சுக் கிடங்கில் அவர்கள் இருவர் மட்டும். மெக்கானிக் மரியமுத்து, டிரைவர் சுப்ராயன்.

வண்டி ஒரு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டால், முதுகில் பேல் சுமக்கும் ஆட்களை நிறுத்திவிடப் போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். எல்லோரும் விழிதியூர்க்காரர்கள். சுப்ராயனின் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

ஆனால் வண்டி ஒரு வாரம் ஓடியதே இல்லை. நடுவில் என்றைக்காவது, கைகளைத் தூக்கிப் பிடிக்கும் எண்ணெய் ஒழுகும். தூக்கிய பேலோடு கைகள் தாமாகக் கீழே இறங்கிவிடும்.

மேனேஜர் மரியமுத்துவைச் சந்தேகப்பட்டார். மரியமுத்து முதலில் ரப்பர் குழாயைச் சந்தேகப்பட்டார். பிறகு வாஷரை. பிறகு எண்ணெயை.

மனிதர்களிடம் வந்து சேர அவருக்குக் கொஞ்சம் நாளாயிற்று.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சட்டத்தைத் தூக்கி நிறுத்தியதும் சுப்ராயன் ரயில் சிலீப்பர் கட்டையை அதன் அடியில் நிமிர்த்தி முட்டுக்கொடுப்பான். கொடுத்துவிட்டு இரும்பில் இரண்டு தட்டு தட்டுவான். அதைக் கேட்ட பிறகுதான் மரியமுத்து உள்ளே நுழைவார். வெறும் எண்ணெயை நம்பித் தலையைக் கொடுக்கிறவர் இல்லை அவர்.

இன்றைக்கும் இரண்டு தட்டு கேட்டுத்தான், திரும்பிப் பார்க்காமல் நுழைந்திருந்தார்.

ஸ்பானரைப் போட்டு, குழாய் சேருமிடத்து நட்டை அரைச் சுற்று திருகினார். டார்ச்சைப் பல்லில் கடித்தபடி உற்றுப் பார்த்தார்.

நட்டின் விளிம்பில் பல் பல்லாகத் தடம். கிணற்றுக் குழாயைக் கடித்துத் திருகுகிற ரிஞ்சின் தடம். உள்ளே வெள்ளியாக மினுங்கியது. புதுசு.

டார்ச்சை மார்பில் வைத்துக்கொண்டார்.

“ஏன்டா சுப்ராயா, ஒங்க வூட்டு பம்புசெட்டு ரிஞ்சு எங்கடா இருக்கு?”

வெளியே காக்கை ஒன்று தகரக் கூரையில் நடந்துபோகும் சத்தம்.

“வூட்லதான்ண்ணே இருக்கு. மேனேஜர்ட்ட சொல்லிடுவீங்களா?”

“சொல்லாம? ஒனக்காவ எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுக்கவா?”

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பீடி வாசம் வந்தது.

அப்போதுதான் நட்டிடுக்கிலிருந்து எண்ணெய் அவர் கன்னத்தில் அடித்தது. சொட்டவில்லை, பீச்சியது.

மரியமுத்து துடைத்துக்கொள்ளவில்லை. முட்டுக்கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிற சட்டத்தில் எண்ணெய்க்கு இந்த வேகம் வராது.

நட்டைத் திருப்பி முறுக்கினார். மரை தேய்ந்துபோயிருந்தது, பிடிக்கவில்லை. ஸ்பானரை அழுத்திப் பிடித்திருக்கிறவரை பீச்சுவது நின்றது. விட்டால் மறுபடி பீச்சியது.

இரும்புக் கைகள் ஒரு விரற்கடை கீழே வந்திருந்தன.

கழுத்தை மட்டும் மெல்லப் பின்னால் வளைத்துத் தலைமாட்டைப் பார்த்தார். கட்டை நிற்க வேண்டிய இடத்தில் கிடங்கு வாசலின் வெயில் தலைகீழாகத் தெரிந்தது. அந்த வெயிலில் சுப்ராயன் தலைகீழாகக் குந்தியிருந்தான். பீடிப் புகை கீழ்நோக்கி ஒழுகியது.

அவன் உட்கார்ந்திருந்தது சிலீப்பர் கட்டையின் மேல்.

வெறுமனே இரண்டு தட்டு தட்டிவிட்டு அங்கேதான் வந்து உட்கார்ந்திருந்தான்.

மரியமுத்து இத்தனை வருஷத்தில் அவனை ‘டா’ போடாமல் கூப்பிட்டதில்லை.

“தம்பி,” என்றார். “அந்தக் கட்டைய இப்புடிக் கொஞ்சம் தள்ளுங்களேன்.”