காயாத பசை

"இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. உனக்கு எதுக்கு வம்பு?" என்றார் முதலாளி.

வண்டிகளைச் சிறிய அளவில் அச்சு அசலாகச் செய்து கொடுக்கும் மாடல்காரர் நிமிரவில்லை. ஒரு சாண் நீள டிராக்டரின் மூக்கில் சிவப்புச் சாயம் தொட்டுக்கொண்டிருந்தார். தூரிகை கோட்டைத் தாண்டிச் சாயத்தை இழுத்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

பட்டறைக் கட்டடம் முதலாளியுடையது. கவிழ்ந்த டிராக்டரும் அவருடையதுதான். பன்னிரண்டு நாளுக்கு முன், சுமை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது அதன் முன்பக்கம் தூக்கி, அப்படியே பின்னால் மல்லாந்துவிட்டது. ஓட்டுநர் அடியில் சிக்கி இறந்துபோனார். முன்பக்கம் தூக்காமல் இருக்கத்தான் மூக்கில் 'வெயிட்' என்று நான்கு இரும்புக் கட்டிகள் மாட்டுவார்கள். விபத்து நடந்த இடத்தில் அவை இல்லை. புதர் புதராகத் தேடியும் கிடைக்கவில்லை.

விசாரணை அதிகாரி அதே டிராக்டரைச் சிறிதாக, எடைக் கணக்குப் பிசகாமல் செய்து வைக்கச் சொல்லியிருந்தார். சாய்பலகையில் ஏற்றிப் பார்க்க வேண்டுமாம். பதினொரு மணிக்கு வருவார். மணி இப்போது பத்து. நகத்தளவு ஈயக் கட்டிகள் நான்கும் ஒரு தீப்பெட்டிக்குள் தயாராக இருந்தன.

தன் கொட்டகையை விட்டுக் கிளம்பும்போது நான்கு கட்டியும் இருந்தன என்று முதலாளி சாதித்தார். ஓட்டுநர் வழியில் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பாராம். அன்று சாயங்காலம் ஓட்டுநர் வழியில் நின்றது ஒரே இடத்தில்தான். அது இந்தப் பட்டறை. வண்டியை நேராக நின்ற நிலையில் கடைசியாகப் பார்த்தவர் மாடல்காரர்தான்.

"செத்தவன் வந்து உன்கிட்ட சண்டை போடப்போறதில்ல" என்றபடி முதலாளி, மேசை மூலையில் கோணி போர்த்தியிருந்த குவியல்மேல் கையை ஊன்றினார்.

"அதுல கை வைக்காதீங்க. அடியில பலகை ஒட்டியிருக்கு. பசை காயல."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. பசைன்னு சொல்லி எவனோ உனக்குத் தண்ணியை வித்துட்டான் போல."

சிரித்துக்கொண்டே எழுந்தார். வாசல்வரை போய், மேலே பார்த்து, கூரை ரொம்ப ஒழுகுகிறதே, மழைக்கு முன் ஓடுகளை மாற்றிவிடலாம் என்றார். இருபது வருடத்தில் அந்தக் கூரையை அவர் நிமிர்ந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

கால் மணி நேரத்தில் ஓட்டுநரின் மனைவி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குட்டி டிராக்டரையே பார்த்தாள். காசு அளவே இருந்த அந்த ஸ்டீயரிங்கை ஒரு விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

முதலாளியின் ஆட்கள் வந்து வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடிவிட்டுப் போனார்களாம். மகள் நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. இரும்புத் திருடன் பொண்ணு என்று யாரோ கூப்பிட்டுவிட்டார்களாம்.

"அண்ணே, அவரு ஒரு நட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்ல. யாராவது கேட்டா கையில இருக்கிறதைக் குடுத்துடுவாரு. எடுக்கத் தெரியாது அவருக்கு. இங்க வந்தப்பவே வெயிட் இல்லன்னு நீங்க சொல்லணும்."

மாடல்காரர் தூரிகையைத் துடைத்தார். "நான் சரியா கவனிக்கலம்மா."

"ஒரு வண்டியில எத்தனை ஆணின்னு எண்ணிச் செய்றவரு நீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். முதலாளியும் திரும்பி வந்திருந்தார். நான்கு பேர் நின்றதிலேயே பட்டறை நிறைந்துவிட்டது.

முதலில் ஈயக் கட்டிகளை மாட்டி, சிறிய டிரெய்லரில் மணல் நிரப்பி, சாய்பலகையை மெல்ல உயர்த்தினார்கள். டிராக்டர் அசையவில்லை. கட்டிகளைக் கழற்றிவிட்டு மறுபடி உயர்த்தினார்கள். அதே உயரத்தில் மூக்கு எழும்பியது. டக் என்ற சின்னச் சத்தத்துடன் மல்லாந்தது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரி நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமலே கேட்டார். "இங்க வந்து நின்னப்ப வண்டியில வெயிட் இருந்துச்சா, இல்லையா? பயப்படாம சொல்லுங்க."

முதலாளி கூரையைப் பார்த்தார். அவள் மாடல்காரரைப் பார்த்தாள்.

"வரும்போது இருந்துச்சு சார்."

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி பெருமூச்சு விட்டார். "நான்தான் சொன்னேனே" என்றார்.

மாடல்காரர் மேசை மூலைக்குப் போய்க் கோணியை இழுத்தார். பலகையின்மேல் சிவப்புச் சாயம் பூசிய நான்கு இரும்புக் கட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, பன்னிரண்டு நாளாக வைத்தது வைத்தபடி இருந்தன.

"போகும்போது இல்ல. ஒட்டின பலகை வளையுது, மேல பாரம் வைக்கணும், காலையில திருப்பித் தந்துடுறேன்னு நான்தான் கேட்டு வாங்கினேன்."