குதிரைக்கார சாமியின் சம்சாரம்

நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியின் பின்சுவருக்கு அப்பால், வேலமர நிழலில், அந்தக் கல்லறை ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிற்கிறது. நெப்போலியன் படையோடு சண்டை போட்ட வெள்ளைக்காரக் குதிரை வீரன் ஒருவனுடையது. ஊருக்கு அவன் குதிரைக்கார சாமி. அவனுக்குச் சுருட்டும், குதிரைக்கு ஒரு பிடி கொள்ளும் படைப்பார்கள். கம்பெனி டீ வேளையில் மயிலாள் கொள்ளோடு வந்திருக்கிறாள். கூட வேலை செய்யும் இளையவள் தேவிப்பிரியாவுக்கு, கல்லில் அப்பியிருக்கும் மஞ்சளுக்கு அடியில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பனியன் வேஸ்ட் துணியை நனைத்துத் தேய்க்கிறாள். சுவருக்குள் ஓடும் மிஷின்களின் அதிர்வு காலடி மண்ணில் தெரிகிறது. மஞ்சள் பொருக்குப் பொருக்காய் உதிர, சாய்ந்த வெயிலில் இன்னும் இரண்டு வரி இங்கிலீஷ் எழும்புகிறது. “ஏனுங்க்கா, இவரு சம்சாரமும் இங்கதான் இருக்குதுங்க. எலிசபெத்துன்னு பேரு.” மயிலாளின் கை கொள்ளோடு நின்றுவிடுகிறது. “இத்தன வருசமா சுருட்டுப் பொகையிலயா கெடந்துச்சு அந்தம்மா? பூ வெக்கோணுமே கண்ணு. மொதல்ல போனது ஆரு?” தேவிப்பிரியா வருடங்களை விரலால் தடவுகிறாள். மயிலாளின் வெறுங்கொண்டையைத் திரும்பிப் பார்க்கிறாள். புருசன் போன நாளிலிருந்து மயிலாள் தலையில் பூ இல்லை. “அவருதானுங்க.” மயிலாள் படைத்திருந்த சுருட்டை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, தேவிப்பிரியாவின் சடையிலிருந்து கொஞ்சம் மல்லிகையைக் கிள்ளி, அந்த இரண்டு வரிமேல் வைக்கிறாள். “அவரு போனா, இந்தம்மா எதுக்குப் பூவில்லாம இருக்கோணும்?” என்கிறாள். கம்பெனிச் சங்கு ஊதுகிறது. விரல் நுனியை முகர்ந்தபடியே முன்னால் நடக்கிறாள் மயிலாள்.