சாமி கிணறு

"யக்கா, இந்தாங்க பூட்டு. இன்னிலேர்ந்து கேட்டைப் பூட்டிடலாம்."

பின்கட்டில் குடியிருக்கும் சகாயமேரி நீட்டிய பூட்டை, வீட்டுக்காரி லோகநாயகி வாங்கவில்லை.

எண்பத்தேழாம் வருஷத்துச் சித்திரை. நூம்பலில் அந்தத் தெருக் கிணறுகள் எல்லாம் வற்றிவிட்டன. லோகநாயகி வீட்டில் மட்டும் இரண்டு சிமென்ட் உறை ஆழத்துக்குத் தண்ணீர் கிடந்தது. வாசலில் பத்துப் பன்னிரண்டு குடங்கள்.

"சாமி குடுத்த தண்ணிம்மா. நான் எப்டி பூட்றது?"

"ஆண்டவர் குடுத்ததுதான், யாரு இல்லேன்னா? அதுக்காக ஊரையே கூப்ட்டு ஊத்தச் சொன்னாரா? எம்புள்ளைக்கு அம்மை எறங்கிகீது. நாளைக்குத் தலைக்கு ஊத்தணும். கெணறு காஞ்சிபோச்சின்னா நாங்க எங்கக்கா போவோம்?"

"உம்புள்ளைக்குத்தான் மொதல் கொடம். போதுமா?"

"பேசாம தண்ணிப் பந்தல்னு ஒரு போர்டு மாட்டிடுங்க."

லோகநாயகி சிரித்தாள். மேரியின் அண்டாவை நிரப்பிய பிறகே கேட்டைத் திறந்தாள்.

வந்தவர்கள் அவரவர் குடத்துக்கு அவரவரே இறைத்துக்கொண்டார்கள். பொன்னியம்மா மட்டும் உள்ளே வரவில்லை. தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கு வெளியே நின்றாள். அவள் குடத்தை லோகநாயகியே நிரப்பி, கொண்டுபோய் இடுப்பில் வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னாக்கா, அது மகாராணியா? உள்ள வந்து சேந்தினா கை தேஞ்சிடுமா?" என்றாள் மேரி.

லோகநாயகி வாளியை அடுத்தவளிடம் நீட்டினாள்.

எல்லோரும் போனதும் மேரி கிணற்றை எட்டிப் பார்த்தாள். இன்னும் ஓர் உறைக்குத் தண்ணீர் இருந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"உங்க பக்தி எனக்கு வராதுக்கா. எந்த சாமி அது? பெருமாளா, அம்மனா? சொல்லுங்க, நானும் ஒரு மெழுவத்தி ஏத்துறேன்."

லோகநாயகி கயிற்றைச் சுருட்டினாள்.

"சின்னசாமி. இந்தக் கெணறு வெட்டுன ஆளு. ஊத்து கண்டதும் 'தண்ணி வந்துட்ச்சிம்மா'ன்னு உள்ளேர்ந்து கத்துனாரு. அந்தக் கொரல் அடங்கல, மண்ணு சரிஞ்சிடுச்சி. மேல தூக்கறதுக்குள்ள உசுரு போயிட்ச்சி. அவரு சம்சாரம்தான் பொன்னியம்மா."