ஜூன்லதான் போகணும்

"ஜூன்ல போனா இது தெரியவே தெரியாதும்மா! எத்தனை தடவை சொல்றது?"

மகள் லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பினாள். திரையில் ஐஸ்லாந்து வானம். பனிமலைக்கு மேலே காயப்போட்ட புடவை மாதிரி பச்சை வெளிச்சம்; குளிர்கால இருட்டில் மட்டும் தெரியும் துருவ ஒளி.

"தெரியாட்டிப் போகட்டும். ஜூன்லதான் போகணும்" என்றாள் அம்மா, துணி மடிப்பதை நிறுத்தாமல்.

"இதைப் பார்க்கத்தானே அப்பா இத்தனை வருஷமா உயிரை விடறாரு?"

உண்மைதான். அப்பா பெயின்ட் கடையில் கலர் கலக்கியே காலம் தள்ளியவர். யார் எதைக் கேட்டாலும் கலந்து கொடுத்துவிடுவார். "அந்த வானத்துப் பச்சை மட்டும் எந்த டப்பாவுலயும் வராது சார். ஒரு தடவை நேர்ல பார்த்துடணும்" என்று சுண்ணாம்பு வாங்க வந்தவரைக்கூட விடமாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு மகள் தரும் பரிசுதான் இந்தப் பயணம். ஆனால் அம்மா பிடித்த பிடியை விடவில்லை.

"டிசம்பர் குளிர் எனக்கு ஒத்துக்காது."

"ஸ்வெட்டர் வாங்கித் தர்றேன்."

"அந்த மூட்டையைப் போட்டுக்கிட்டு யாரு நடக்கிறது?"

"சரி, நீ ரூம்லயே தூங்கு. நானும் அப்பாவும் போய்ப் பார்த்துட்டு வர்றோம்."

"நான் இல்லாம அவரை அனுப்ப மாட்டேன்."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ என்ன மனுஷிம்மா? வாழ்நாள் பூரா அவர் ஆசைப்பட்டது இது ஒண்ணுதான். அதையும் கெடுக்கறே. உன் சௌகரியம்தான் உனக்குப் பெரிசு!"

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா தலையை நீட்டினார். "விடும்மா. எந்த மாசமா இருந்தா என்ன? ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் இருட்டறதுக்குள்ள பால் வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பாரு, வாயைத் திறந்து கேட்கக்கூட மாட்டாரு பாவம். நான் டிசம்பருக்கே டிக்கெட் போடறேன். நீ வந்தா வா, வராட்டிப் போ."

அம்மா அவள் கையைப் பிடித்தாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அப்பா தெருமுனை திரும்பியிருந்தார்.

"உங்கப்பாவுக்கு இருட்டினா கண்ணு தெரியாதுடி."

"என்னம்மா சொல்றே?"

"பகல்ல ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ஞ்சா சுவத்தைத் தடவிட்டுத்தான் நடக்கறாரு. தனியா கண் டாக்டரைப் பார்த்துட்டு வந்து, கண்ணாடி மாத்தணும்னு எங்கிட்ட புளுகினாரு. மறுநாள் நானே போய்க் கேட்டேன். இனிமே சரியாகாதாம். எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் இருட்டுன்னா பயம்னு சொல்லி, ராத்திரி பூரா ஹால் லைட்டை எரிய விடறேன்."

கரன்ட்டை வீணாக்குகிறாள் என்று போன வாரம்கூட மகள் அம்மாவைத் திட்டியிருந்தாள். இப்போது நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

"ஜூன்ல அங்க பாதி ராத்திரியிலயும் வெளிச்சமாமே. அருவி, எரிமலை, கறுப்பு மணல் எல்லாத்தையும் ஆசை தீரப் பார்ப்பாரு."

"இதை அப்பாகிட்டயே பேசிடலாமே? நீ எதுக்கும்மா திட்டு வாங்கணும்?"

"பேசினா, எனக்கு நல்லாத்தான் தெரியுதுன்னு அடிச்சுச் சொல்லிட்டு டிசம்பர்லயே கிளம்பிடுவாரு. நீ ஆசையா கூட்டிட்டுப் போறப்போ உன் மனசு நோகக் கூடாதுன்னு. அங்க எல்லாரும் வானத்தைப் பார்த்து 'ஆஹா'ம்பாங்க. ஒண்ணும் தெரியாமலே அவரும் 'ஆஹா'ம்பாரு." அம்மா மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தாள். "அதைப் பக்கத்துல நின்னு கேட்க என்னால ஆகாதுடி."