ஜெனீவாவிலிருந்து ஒரு பொன்னாடை

கிளியனூர் செக்போஸ்ட் கண்ணில் பட்டதும் வக்கீல் சித்தார்த்தன் பின்சீட்டில் சரிந்தார். மடித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டார்.

"சரக்கு எதுனா வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க சார்," என்றான் டிரைவர் பச்சைமுத்து. "பாண்டிச்சேரி வண்டின்னா டிக்கியத் தொறந்து பாத்துட்டுத்தான் வுடுவானுங்க."

பாட்டிலும் இல்லை, ஒன்றும் இல்லை, தலைவலி, பேசாமல் ஓட்டு என்று கோட்டுக்குள்ளிருந்தே பதில் வந்தது. போலீஸ்காரர் டிக்கியை மட்டும் பார்த்துவிட்டுக் கையசைத்தார். திண்டிவனம் சாலையில் வண்டி வேகமெடுத்த பிறகுதான் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒன்றரை வருடமாகப் பாண்டிச்சேரியை விட்டு வெளியே வராத மனுஷன். இன்று கிளம்பி வந்தது சும்மா இல்லை, பழி தீர்க்க. உலகத் தொழில்நுட்ப, தகவல்தொடர்புச் சட்ட வழக்கறிஞர் பேரவை என்று ஓர் அமைப்பு, தலைமையகம் ஜெனீவா, அவரைத் தென்னிந்தியத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தது. பாண்டிச்சேரிக் கல்லூரிகளில் சைபர் மோசடி பற்றி வகுப்பெடுக்கிறவர் ஆயிற்றே, இவரை விட்டால் வேறு யார்? பதவியேற்பு சொந்த ஊரான திண்டிவனத்தில், சொந்தச் சங்கத்து வக்கீல்கள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று மெயிலில் படித்தபோது அவருக்கு வயிறு குளிர்ந்து போனது.

"என் இங்கிலீஷக் கேட்டு சிரிச்சவனுங்க எல்லாம் இன்னைக்கு எனக்குக் கை தட்டணும்டா," என்றார் பச்சைமுத்துவிடம். "அவளும் கேள்விப்படணும். கேட்டு வெந்து சாவணும்."

அவள் என்றால் மனைவி கலையரசி. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். இனி உன்னோடு வாழ முடியாது என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக, அவள் போனில் பேசியதை எல்லாம் ரகசியமாகப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி அசிங்கமாக்கி, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்ட புண்ணியவான் இவர். வேலை போயிற்று. கடை கண்ணிக்குக்கூடப் போக முடியாமல் அவள் கூனிக் குறுகினாள்.

கேஸ் போட்டாள். ஆனால் வக்கீல் மேல் போட்ட கேஸில் இன்னொரு வக்கீல் ஆஜராவதில்லை என்பது அங்கே சங்கத்து வழக்கம். விழுப்புரம் வரை அலைந்து பார்த்தும் ஒருத்தரும் வக்காலத்து வாங்கவில்லை. தன் கேஸைத் தானே நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே நாலு அறை விட்டிருக்க வேண்டும்.

வழியெல்லாம் ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உங்களுக்குக் கத்திரிக்காய் ஆகாதே, அதனால் விருந்தில் அதைச் சேர்க்கவில்லை என்றுகூட எழுதியிருக்கிறார்களாம். வெள்ளைக்காரன் எவ்வளவு தூரம் விசாரித்திருக்கிறான் பார் என்று பச்சைமுத்துவிடம் அளந்துகொண்டே வந்தார்.

திண்டிவனத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹால். வாசலில் அவர் படம் போட்ட பேனர், உள்ளே கறுப்புக் கோட்டுக் கூட்டம். அன்று அவர் இங்கிலீஷைக் கேட்டு முதல் ஆளாகச் சிரித்த சங்கச் செயலாளர் புகழேந்தியே பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கை தட்ட, முன்வரிசையில் ஒரு முறுக்கு மீசைக்காரர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார். பொறாமை, நல்லா எரியட்டும் என்று நினைத்துக்கொண்டார் சித்தார்த்தன்.

அடுத்து, பேரவையின் உலகத் தலைவர் மேடைக்கு வருகிறார் என்று புகழேந்தி மைக்கில் அறிவித்தார். சித்தார்த்தன் கோட்டை இழுத்துவிட்டு, மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷை ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டு, கைகூப்பி எழுந்தார்.

மேடைப்படியில் ஏறி வந்தாள் கலையரசி.

இவள் எப்படி இங்கே, சங்கத்து வழக்கம் என்ன ஆச்சு என்று புகழேந்தியின் கையைப் பிடித்துத் திணறினார் சித்தார்த்தன்.

"ஒங்களுக்கு எதிரா ஆஜராவக் கூடாதுன்றதுதான் வழக்கம்," என்றார் புகழேந்தி. "பொன்னாடை போத்தக் கூடாதுன்னு இல்லியே."

ஹாலே சிரித்தது. கலையரசி மைக்கை வாங்கினாள். ஜெனீவாவும் இல்லை, பேரவையும் இல்லை, அத்தனை மெயிலும் தன் வீட்டு லேப்டாப்பில் எழுதியவை என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு முன்வரிசை மீசைக்காரரைப் பார்த்தாள்.

"பாண்டிச்சேரி ஒங்க எல்லை இல்லன்னீங்க, எல்லை தாண்டி நானே வரவச்சிட்டேன் இன்ஸ்பெக்டர் சார், வாரண்ட்ட எடுங்க."