ஒரு புகாரும் வரவில்லை

லாரி ஓட்டும் சற்குணத்தின் இடது கண்ணுக்குள், ஓரப் பார்வையைக் கவனித்துக்கொள்ளும் இரண்டு நரம்பணுக்கள் மேலும் கீழுமாகக் குடியிருந்தன.

கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. அவருக்கு வலி இல்லை. ஆனால் உள்ளே நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. செத்த இடத்தில் இருட்டு விழ வேண்டும். மேலணு விழ விடவில்லை. தன் கிளைகளை இழுத்து நீட்டி, அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தது. தெரியாததை, இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து மூளைக்கு அனுப்பியது.

"இருட்டாவே விட்டுடுங்கண்ணே," என்றது கீழணு. "அப்பதான் மனுஷன் பயந்துபோய் டாக்டர்கிட்ட ஓடுவாரு. மிச்சம் இருக்கிற நாமளாவது பிழைப்போம்."

"முப்பது வருஷத்துல நம்ம மேல ஒரு புகார் வந்ததில்லப்பா. இப்ப வர விடுவேனா?"

"செத்தவங்க வேலையையும் நீங்களே பார்த்தா, அவங்க செத்ததே யாருக்கும் தெரியாதேண்ணே."

மேலணு அடுத்த கிளையை நீட்டப் போய்விட்டது. அதற்கு வேலை இருந்தது.

மறுவாரம் லாரி ஷெட்டில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. நேர்ப் பார்வை இன்னும் கெடாததால், சற்குணம் எழுத்துப் போர்டில் கடைசி வரிவரை மளமளவென்று படித்தார். "நமக்கெல்லாம் கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு," என்றவர், கண் அழுத்தம் பார்க்கும் வரிசையில் நிற்காமலே வண்டியேறிவிட்டார்.

மேலணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டியாப்பா? ஒரு குறை சொல்லலை," என்றது கீழே பார்த்து.

கீழணுவிடமிருந்து சத்தமே இல்லை.

மேலணு கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு, அங்கேயும் இருட்டுத் தெரிந்துவிடாதபடி ஒரு கிளையை நீட்டியது.